பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த கம்பெனி கணக்கில் பொய் சொல்லுமா?

போன இதழில் சி.எஸ்.ஆர். பணத்தை, அதாவது சமூகப் பொறுப்பு என்று கம்பெனிகள் ஊருக்குச் செலவழிக்கும் பணத்தைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். ஓசூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பென்னாகரம் என்று கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை வேறு எந்தக் கேள்வியும் எடுக்கவில்லை. கம்பெனிகள் சமூகத்துக்குச் செய்யும் செலவும், அவர்கள் எழுதும் கணக்கின் யோக்கியதையும், இது மட்டும்தான்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பள்ளிக்கு ஒரு பெரிய கம்பெனி இரண்டு வகுப்பறை கட்டிக் கொடுத்தது. நல்ல தரமான கட்டடம். இப்போது என் கணவர் அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கலாம் என்கிறார். "இவ்வளவு நல்லது செய்கிறவர்கள் கணக்கில் பொய் சொல்ல மாட்டார்கள்" என்பது அவர் கட்சி. நம்பலாமா?

வகுப்பறைக்கு மனதார நன்றி சொல்லுங்கள். பங்கை அதற்காக வாங்காதீர்கள். இப்படி ஒரே வரியில் முடித்துவிடலாம்தான், ஆனால் உங்கள் கணவர் நினைப்பது போலத்தான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம், நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் நெடுஞ்சாலையில் ஒரு விபத்து என்றால் கை தானாக 108-ஐ அழுத்துகிறது. அந்தச் சேவையை 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கியவர் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் நிறுவனர் ராமலிங்க ராஜு. 2008-இல் அது தமிழ்நாட்டுக்கும் வந்தது. அவர் குடும்பத்தின் பைர்ராஜு அறக்கட்டளை ஆந்திரக் கிராமங்களில் குடிநீர், மருத்துவம், படிப்பு என்று நிறைய வேலை செய்தது. நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதும் 2008-இல் சத்யத்துக்குக் கிடைத்தது. அடுத்து 2009 ஜனவரி 7. அதே ராஜு தன் இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார்: கணக்கில் காட்டியிருக்கும் ரொக்கம், வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று. நூறு ரூபாய் இருப்பதாகச் சொன்ன இடத்தில் 94 ரூபாய் வெறும் எழுத்து. விருதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2015-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

ஆனால் 108 பொய் இல்லை. வேறொரு குழுமம் பொறுப்பேற்று நடத்தியது, இன்றைக்கும் அந்த வண்டி ஓடுகிறது, எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸும் நிஜம், பொய்க் கணக்கும் நிஜம். ஒரே மனிதர்கள் இரண்டையும் செய்ய முடியும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. நல்ல பெயர் இருக்கும் இடத்தில் கேள்வி கேட்கக் கூச்சம் வந்துவிடுகிறது. நான் சி.ஏ. படிப்புக்காகத் தணிக்கையாளரிடம் பயிற்சியில் (ஆர்ட்டிகிள்ஷிப்) இருந்தபோது ஒரு தொழிற்சாலைக்குத் தணிக்கைக்குப் போனோம். முதலாளி ஊருக்குக் கோயில் கட்டியவர், பத்துப் பதினைந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், எங்களையே வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டவர். அவரிடம் போய் "ஐயா, குடோனில் சரக்கை எண்ண வேண்டும்" என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் எங்கள் சீனியர் வந்து எண்ண வைத்தார். புத்தகத்தில் இருந்ததைவிடச் சரக்கு நிறையக் குறைவு. சத்யத்திலும் அடிப்படை வேலைதான் விட்டுப்போனது. வங்கி இருப்பை வங்கியிடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்வது தணிக்கையின் அரிச்சுவடி, அது ஒழுங்காக நடக்கவில்லை.

உங்கள் கணவரிடம் அந்தக் கம்பெனியின் ஐந்து வருஷ ஆண்டறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். லாபத்தையும், தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வந்த பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். ஏன் என்று அடுத்த பதிலில் வருகிறது.

தருமபுரியிலிருந்து ஓர் எம்.காம். மாணவர்: "நிதி அறிக்கையின் தரமும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பும்" என்பது என் ஆய்வுத் தலைப்பு. ஒரு கட்டுரை இரண்டும் சேர்ந்தே உயரும் என்கிறது, இன்னொன்று நேர் எதிராகச் சொல்கிறது. எதை நம்புவது? அறிக்கையின் தரத்தை எப்படி அளப்பது?

முதலில் அளப்பது. ராயக்கோட்டை மண்டியில் நூறு பெட்டி தக்காளியை ஒரு வியாபாரிக்குக் கடனுக்குக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். நோட்டில் விற்பனை ஏறியாயிற்று, லாபமும் எழுதியாயிற்று, பணம் மட்டும் வரவில்லை. இதில் தப்பே இல்லை, எல்லாத் தொழிலிலும் நடப்பதுதான். ஆனால் வருஷா வருஷம் லாபம் ஏறிக்கொண்டே போகிறது, கைக்கு வரும் பணம் மட்டும் ஏறவே இல்லை என்றால், ஒன்று வியாபாரி ஏமாற்றுகிறார், இல்லை அந்த விற்பனையே நடக்கவில்லை. லாபத்துக்கும் கைக்கு வந்த பணத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் அக்ரூவல் என்கிறார்கள். விற்பனை வளர்ந்தால் இடைவெளி கொஞ்சம் வரத்தான் செய்யும், அந்த இயல்பான பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு வைத்த பங்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1991-இல் வந்த ஜோன்ஸ் மாடல் என்ற கணக்கு முறையும், 1995-இல் அதைத் திருத்தி வந்த முறையும் செய்வது அதைத்தான். மிச்சம் பெரிதாக இருந்தால் அறிக்கையின் தரம் குறைவு. இது தோராயமான அளவுகோல்தான் என்பதை உங்கள் ஆய்வில் கட்டாயம் எழுதுங்கள்.

இனி முரண்பாடு. 2012-இல் 'தி அக்கவுன்டிங் ரிவ்யூ' இதழில் வந்த கிம், பார்க், வியர் மூவரின் ஆய்வு அமெரிக்கக் கம்பெனிகளைப் பார்த்தது. சமூகப் பொறுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவை லாபக் கணக்கைத் தங்கள் வசதிக்கு வளைத்தது குறைவு, அங்குள்ள பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பின் நடவடிக்கையில் சிக்கியதும் குறைவு என்றது. அதற்கு நான்கு வருஷம் முன்பு, 2008-இல், பிரையர், சுரோகா, ட்ரிபோ மூவரும் 26 நாடுகளின் 593 கம்பெனிகளை எடுத்துப் பார்த்தபோது வேறு முகம் தெரிந்தது. லாபத்தை வளைக்கும் நிர்வாகங்கள் சமூகப் பணியிலும் கூடுதலாக இறங்குகின்றன என்றார்கள். ஊரையும் தொழிலாளர்களையும் திருப்தியாக வைத்திருந்தால் யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கு அது. அதே 2008-இல் 46 நாடுகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், எந்த வகை வளைப்பை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறியது.

மூன்றும் பொய் இல்லை, தம்பி. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வகைக் கம்பெனிகள் இருக்கின்றன. சில இடங்களில் நேர்மை பழக்கமாக இருக்கிறது, சப்ளையரிடமும் அப்படி, கணக்கிலும் அப்படி, ஊரிடமும் அப்படி. சில இடங்களில் சமூகப் பணி ஒரு கவசம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி திறப்பு விழாதான் நடக்கும். எந்த நாடு, எந்த வகைக் கம்பெனி என்று நீங்கள் எடுக்கும் கூட்டத்தில் எது அதிகமோ அந்தப் பக்கம் விடை சாயும்.

இந்தியாவில் செய்யும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதைப் பல மாணவர்கள் கவனிப்பதில்லை. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் விரும்பிச் செய்ததைப் பார்த்தவை. நம் நாட்டில் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. முந்தைய ஆண்டில் நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்டாலும் கடந்த மூன்று வருஷச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். சட்டம் கேட்டதைக் கொடுப்பது குணத்தைக் காட்டாது. இன்னும் சொன்னால், சட்டம் வருவதற்கு முன் 2 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனிகள் சட்டம் வந்த பிறகு குறைத்துக்கொண்டன என்று தர்மபாலா, கன்னா இருவரும் 2018-இல் எழுதியிருக்கிறார்கள்.

அதனால் தொகையை அளவுகோலாக எடுக்காதீர்கள். அறிக்கையில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதை எடுங்கள். செலவாகாத பணத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள், அதே வாக்கியத்தை ஒவ்வொரு வருஷமும் ஒட்டியிருக்கிறார்களா, பணம் போன அறக்கட்டளை முதலாளி குடும்பத்தினுடையதா என்று பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் நிதி அறிக்கைக் குறிப்பிலேயே செலவழிக்காமல் விட்ட சி.எஸ்.ஆர். தொகை, அதற்குக் காரணம், கம்பெனிக்குச் சம்பந்தப்பட்டவர்களுக்குப் போன பணம் எல்லாம் எழுத வேண்டும். இங்கேதான் இரண்டு விஷயமும் ஒரே தாளில் சந்திக்கின்றன. ஓசூரில் ஆலை வைத்திருக்கும், பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளை மட்டும் எடுத்து இதைச் செய்தால்கூட நல்ல ஆய்வு வரும், யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஓசூரிலிருந்து ஒரு வாசகர்: சி.எஸ்.ஆர். செலவுக்கு வருமான வரிச் சலுகை உண்டுதானே? அப்படியானால் அது அரசாங்கப் பணம்தானே?

தொழில் செலவாகக் கழிக்க முடியாது. சட்டம் நடைமுறைக்கு வந்த 2014-லேயே வருமான வரிச் சட்டத்தில் அதைத் தெளிவாகச் சேர்த்துவிட்டார்கள். சில வகை நன்கொடைகளுக்கு வேறு பிரிவில் கழிவு கிடைப்பது உண்டு, அவ்வளவுதான். அது கம்பெனியின் லாபத்திலிருந்து வரும் பணம்.

ஓசூரிலிருந்து, பெயர் வேண்டாம் என்று எழுதியவர்: நான் ஒரு பிரைவேட் லிமிடெட்டில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். லாபம் 5 கோடியைத் தொட்டால் சி.எஸ்.ஆர். வந்துவிடும் என்று முதலாளி மார்ச் மாத விற்பனை பில்களை ஏப்ரலுக்குத் தள்ளச் சொல்கிறார். "யாருக்கும் நஷ்டம் இல்லையே, அடுத்த வருஷம் வரப்போகிற லாபம்தானே" என்கிறார். இது அவ்வளவு பெரிய தவறா?

தவறுதான் சார். நீங்கள் பெயர் போட வேண்டாம் என்று எழுதியதிலேயே உங்களுக்கும் அது தெரிந்திருக்கிறது.

நஷ்டம் யாருக்கு என்று பார்ப்போம். மூன்று வருஷச் சராசரி லாபம் 5 கோடி என்று வைத்துக்கொண்டால், அதற்கு 2 சதவீதம் 10 லட்சம். சட்டம் உள்ளூருக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. உங்கள் ஆலையைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு பள்ளிக்கு அந்த 10 லட்சத்தில் சுற்றுச்சுவர் வந்திருக்கலாம். பெரிய கம்பெனியில் இதே வேலையைச் செய்தால் இன்னும் கூடும். மூன்று வருஷ லாபம் 40, 50, 60 கோடி என்றால் சராசரி 50, கொடுக்க வேண்டியது 1 கோடி. வருஷத்துக்கு 10 கோடி லாபத்தை மறைத்தால் சராசரி 40, கொடுக்க வேண்டியது 80 லட்சம். 20 லட்சம் சத்தமில்லாமல் போய்விட்டது. கணக்கின் தரத்துக்கும் சமூகப் பொறுப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இதைவிட நேரடியான பதில் கிடையாது. லாபத்தை எழுதும் கைதான் ஊருக்குப் போகும் பணத்தையும் தீர்மானிக்கிறது. லாபத்தை ஊதிக் காட்டினால் பங்கு வாங்கியவன் ஏமாறுவான், சுருக்கிக் காட்டினால் ஊரும் வரித்துறையும் ஏமாறும்.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். சரக்கு மார்ச் 28-இல் இ-வே பில்லோடு கேட்டைத் தாண்டியிருக்கும், விற்பனை பில் ஏப்ரல் 3-இல் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு இருந்தே ஆகவேண்டும், அதில் நிற்கப்போவது உங்கள் லாகின்தான், முதலாளியுடையது இல்லை. கம்பெனிச் சட்டத்தின் 447-வது பிரிவு மோசடிக்குச் சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. முதலாளியிடம் இதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள். செலவுத் தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் தனியாக சி.எஸ்.ஆர். கமிட்டி வேண்டியதில்லை, இயக்குநர் குழுவே பார்த்துக்கொள்ளலாம், அவர் நினைக்கும் அளவுக்குத் தலைவலி இல்லை. இதே பேலன்ஸ் ஷீட்டைக் காட்டித்தான் நாளைக்கு வங்கியில் கடனும் கேட்கப் போகிறார், குறைத்துக் காட்டிய லாபம் அங்கேயும் அவருக்கு எதிராகத்தான் நிற்கும். அவர் கேட்கவில்லை என்றால், சொன்னதை ஒரு மின்னஞ்சலாகவாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போச்சம்பள்ளியிலிருந்து ஒரு விவசாயி: போன சீசனில் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போட்ட தோத்தாபுரிக்கு இன்னும் பாதிப் பணம் வரவில்லை. அதே ஆலை ஊரில் கண் சிகிச்சை முகாம் நடத்தி பேனர் கட்டியிருக்கிறது. இதைக் கேட்பார் இல்லையா?

படித்ததும் வயிறு எரிந்தது ஐயா. உங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பது தர்மம் இல்லை, கடன். கடனை வைத்துக்கொண்டு தர்மம் செய்வதை நம் வீடுகளிலேயே பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் அது உண்மையில் கம்பெனியா என்று பாருங்கள். நம் பக்கம் பல கூழ் ஆலைகள் கூட்டு நிறுவனமாகவோ தனி ஆள் தொழிலாகவோ இருக்கும், அவர்களுக்கு 135-வது பிரிவு பொருந்தாது, அவர்கள் நடத்தும் முகாம் அவர்கள் விருப்பம். லிமிடெட் கம்பெனி என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் பேலன்ஸ் ஷீட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளில் யாராவது காமர்ஸ் படித்திருந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் கொடுக்க வேண்டிய பாக்கியை ஒரு வருஷத்துக்குள், ஒன்று முதல் இரண்டு வருஷம், இரண்டு முதல் மூன்று, அதற்கு மேல் என்று வயது வாரியாகப் பிரித்துப் போட்டிருக்க வேண்டும். பெயர் வாரியாக இருக்காது, ஆனால் மொத்தப் பாக்கி எந்தக் கட்டத்தில் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். எந்தக் கட்டத்திலும் பாக்கியே இல்லை என்று இருந்தால் அது பாக்கித் தகராறைவிடப் பெரிய விஷயம்.

தருமபுரி மாணவருக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. விவசாயிக்குப் பணம் கொடுக்காமல் தள்ளிப் போட்டால் கம்பெனியின் கையில் அந்தப் பணம் நிற்கிறது, அதனால் கைக்கு வந்த பணம் நன்றாக இருப்பது போலக் கணக்கு காட்டும். லாபமும் பணமும் ஒத்துப்போகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது, பாக்கி எத்தனை நாள் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எடைச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். இதே போலப் பாக்கி உள்ளவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்து மூலமாகக் கொடுங்கள். தனித்தனியாகப் போகாதீர்கள்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு மகளிர் குழுத் தலைவி: எங்கள் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு. ஒரு கம்பெனி ஆர்.ஓ. இயந்திரம் வைத்துக் கொடுத்தது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. கம்பெனி அறிக்கையில் "குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது" என்று இருக்கிறதாம். அது பொய்க் கணக்கு இல்லையா?

சட்டப்படி பொய் இல்லை அம்மா. பணம் போயிற்று, இயந்திரம் வந்தது, கணக்கு முடிந்தது. அது இன்று ஓடுகிறதா என்று கேட்கும் கட்டம் சி.எஸ்.ஆர். அறிக்கைப் படிவத்தில் பெரும்பாலான கம்பெனிகளுக்குக் கிடையாது. பலன் என்ன என்று தனியாக ஆய்வு செய்யச் சொல்வது, மூன்று வருஷச் சராசரியாக 10 கோடியோ அதற்கு மேலோ செலவழிக்க வேண்டிய கம்பெனிகளுக்கு மட்டும்தான், அதுவும் 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு. உங்கள் ஊர் இயந்திரம் அந்த அளவுக்குள் வரவே வராது. சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை என்று இதைத்தான் நான் சொல்வேன். நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே கொண்டுவர வேண்டியிருந்தது; அப்படி பல்லும் எலும்பும் கெட்டுப்போன ஊர்களில் ஒரு இயந்திரம் பூட்டிக் கிடப்பது சின்ன விஷயம் இல்லை.

இயந்திரம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். 2021 ஜனவரியில் வந்த திருத்தத்துக்குப் பிறகு சி.எஸ்.ஆர். பணத்தில் உருவான சொத்து கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது. ஒரு அறக்கட்டளையோ, அரசு அமைப்போ, உங்களைப் போன்ற குழுவோதான் வைத்திருக்க வேண்டும். ஊராட்சி பெயரில் இருந்தால் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. உங்கள் குழு பெயருக்கே மாற்றிக்கொண்டு, குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கி, வடிப்பானை மாற்றி ஓட்ட முடியுமா என்றும் யோசியுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர்: கிரானைட் குவாரிக்காரர்கள் தூசிக்குத் தண்ணீர் தெளிப்பதையும் தொழிலாளர்களுக்கு ஷெட் போட்டதையும் சி.எஸ்.ஆர். என்று எழுதலாமா?

கூடாது. வேறொரு சட்டப்படி செய்தே ஆகவேண்டியதும், சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் செய்வதும் கணக்கில் சேராது.

பர்கூரிலிருந்து ஒரு பெற்றோர்: எங்கள் பிள்ளைகள் பள்ளியில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள், 18 லட்சம் செலவில் கழிப்பறை என்று. இருப்பது நான்கே நான்கு. எனக்குக் கட்டட வேலை தெரியும், இதற்கு அவ்வளவு ஆகாது. எங்கே போய்க் கேட்பது?

சண்டையாகத் தொடங்காதீர்கள். 18 லட்சத்தில் தண்ணீர்த் தொட்டி, போர்வெல், குழாய், இரண்டு வருஷப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்திருக்கலாம், வேறு பள்ளியும் சேர்ந்திருக்கலாம். முதலில் தாளைப் பாருங்கள். கம்பெனியின் ஆண்டறிக்கையோடு சி.எஸ்.ஆர். அறிக்கை இணைப்பாக இருக்கும். இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்களைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். வேலையைக் கம்பெனி நேரடியாகச் செய்ததா, ஒரு அறக்கட்டளை மூலம் செய்ததா என்று பாருங்கள். அறக்கட்டளை என்றால் அதற்குப் பதிவு எண் இருக்க வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். நிர்வாகச் செலவு என்று கம்பெனி எழுதுவது மொத்த சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு கம்பெனியின் செயலாளருக்கு எழுதுங்கள். எந்த ஊரில் பதிவு அலுவலகம் இருக்கிறதோ அந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், ஓசூர் ஆலை கேட்டில் கொடுத்தால் போய்ச் சேராது. வேலைப் பட்டியல், மதிப்பீடு, பில் மூன்றும் கேளுங்கள். கொடுத்த பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று கம்பெனியின் நிதித் தலைமை அதிகாரி சான்று கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி, அந்தச் சான்றைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். நேர்மையான கம்பெனி என்றால் இடையில் யாரோ விழுங்கியதை உங்கள் கடிதத்தால்தான் தெரிந்துகொள்வார்கள், உண்மையில் நன்றி சொல்வார்கள், அப்படி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் பதில் இல்லை என்றால் கம்பெனிகள் பதிவாளருக்கு எழுதலாம், நான் உதவி செய்கிறேன்.

இப்போதைக்கு கல்வெட்டையும் நான்கு கழிப்பறையையும் உள்ளும் புறமும் போட்டோ எடுத்து வையுங்கள். அளவும் எடுத்து வையுங்கள், மழை தொடங்குவதற்குள்.